நாலு பேருக்கு ஒரு புத்தகம்

எல்லவில் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இறங்குகிற பாதையில் வரிசையாகத் தங்குவிடுதிகள். ஏதாவதொன்றில் நுழையுங்கள். வாசலிலேயே ஒரு மரத்தட்டு, அதில் இருபது முப்பது புத்தகம், மேலே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: வாசித்ததை வைத்துவிட்டு வாசிக்காததை எடுத்துப் போகலாம். அங்கத்துவ அட்டை வேண்டாம். கிராம சேவகரின் கடிதம் வேண்டாம். பிந்தினால் தண்டம் இல்லை. ஒரே தகுதிதான் கேட்கிறார்கள்: விமானத்தில் வந்திருக்க வேண்டும்.

அந்தப் பாதைக்கு மேலே லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். லயத்தில் ஒரு பிள்ளை உயர்தரம் படிக்கிறாள், உயிரியல் பிரிவு. அவளுடைய அண்ணன் கீழே விடுதியொன்றில் கோப்பை கழுவுகிறான். தட்டில் இடம் போதவில்லை என்று முதலாளி ஒருநாள் தடித்த புத்தகமொன்றை அவனிடம் தூக்கிக் கொடுத்து, "தங்கச்சி படிக்குதாமே, கொண்டுபோய்க் குடு" என்றாராம். நல்ல மனிதர். மழையில் ஊறி உப்பிய அறுநூறு பக்கம். அவள் அதைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "சேர், இது எந்தப் பாடத்துக்கு உதவும்?"

திறந்து பார்த்தேன். சுவீடிஷ் மொழியில் ஒரு துப்பறியும் நாவல்.

எண்பது வருடம் கடந்த இலவசக் கல்வியில் அந்தப் பிள்ளைக்கு உயர்தரத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரே புத்தகம் அதுதான். கொலையாளி யார் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் கொலை நடந்திருக்கிறது.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்று ஆக்கினார். நன்றிக்கடனாக 1947 தேர்தலில் மத்துகம மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த அரசியல்வாதிகள் பாடம் படித்துக்கொண்டார்கள்; அந்த அளவுக்கு யாரும் துணியவில்லை. பாடப்புத்தகம் இலவசம் என்று வந்தது 1980இல். தரம் 1 முதல் தரம் 11 வரை கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டுக் கொடுக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகங்கள் லொறியேறி மலைக்கு வந்திராவிட்டால் இன்று நான் கவ்வாத்துக் கத்தியோடு நின்றிருப்பேன்.

ஆனால் தரம் 11 முடிந்ததும் புத்தகம் ஓய்வு பெற்றுவிடுகிறது. உயர்தரத்துக்கு இலவசப் புத்தகம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இல்லவே இல்லை. பாடம் எங்கே கனமாகிறதோ, புத்தகம் எங்கே தடிக்கிறதோ, விலை எங்கே ஏறுகிறதோ, சரியாக அந்த இடத்தில் அரசாங்கம் கையை எடுத்துவிடுகிறது. நீந்தத் தெரியாதவனைப் பிடித்துக்கொண்டே ஆற்றின் நடுவரை கூட்டிப்போய், "இவ்வளவு தூரம் வந்துட்டியே, கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்புகிற கதை. ஒன்பது வளைவுப் பாலத்தை 1921இல் கட்டுவித்தவன் வெள்ளைக்காரன். எங்கள் தேயிலையை ஏற்றிப்போகத்தான் கட்டுவித்தான். அவன்கூட ஐந்தாவது வளைவோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைக் குதித்துக் கடக்கச் சொல்லவில்லை.

"இணையத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறதே" என்பார்கள் கொழும்பில். இருக்கிறது. மகரகம தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டியும் வளநூலும் போடுகிறது, பிடிஎப் கோப்பாகக் கிடைக்கும். பதிவிறக்க டேட்டா வேண்டும், பார்க்க போன் வேண்டும், லயத்துக் காம்பராவில் சிக்னல் வேண்டும், கண் நோகாமல் படிக்க அச்செடுக்க வேண்டும், அச்செடுக்கக் காசு வேண்டும். காற்று இலவசம்தானே, பலூனை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்பது போல.

இன்னொரு வழி, அக்கரைப் புத்தகம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பிளஸ் டூ வரை பாடநூல் இலவசம். யாரோ கொண்டுவந்த ஒன்றைக் கொப்பியடித்து, அந்தக் கொப்பியைக் கொப்பியடித்து எங்கள் பிள்ளைகளும் வைத்திருக்கிறார்கள். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். அங்கே தனிமம், இங்கே மூலகம். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் படிக்கிற மாணவர்கள் உலகில் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள், நட்புறவுச் சங்கம் தொடங்கலாம்.

உயிரியலுக்கு இந்த நாட்டில் வேதநூல் ஒன்று உண்டு. கெம்பல். நீல் கெம்பல் என்ற அமெரிக்கர் 1987இல் தொடங்கிவைத்த ஆங்கிலப் புத்தகம். இன்றைய பதிப்பு ஆயிரத்து நானூறு பக்கத்துக்குக் குறையாது. டியூஷன் மாஸ்டர் தொடக்கம் கெம்பஸ் அண்ணாமார் வரை எல்லாரும் "கெம்பல்ல பார்" என்பார்கள். பார்க்கலாம், பார்க்க மட்டும்தான் முடியும்.

ஒரு சனிக்கிழமை, அந்தப் பிள்ளையையும் அவள் அம்மாவையும் பதுளையில் பழைய புத்தகக் கடையொன்றுக்குக் கூட்டிப்போனேன். பாவித்த கெம்பல் ஒன்று இருந்தது, இந்திய அச்சு, அட்டை மூலை நைந்தது. ஏழாயிரம் ரூபாய் என்றார் கடைக்காரர். புதிதின் விலையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா புத்தகத்தை வாங்கிக் கையில் ஏந்தினார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். ஒரு தரம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, "மூணு கிலோ இருக்கும்" என்றார். இருபத்தைந்து வருடம் கூடை தூக்கிய கை, தராசு தேவையில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இதுக்குத் தண்ணிக் கழிவு இல்லையாங்க?" என்றார்.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் கழிப்பார்கள். அந்த அம்மா நிறுத்துக் கொடுக்கும்போதெல்லாம் எடை குறைகிறது. அவர் வாங்கப் போகும்போது மட்டும் முழு எடை.

மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சொல் விளக்கம் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் "பேர்" என்று சொல்வோம். சொன்ன கிலோ எடுத்தால் பேர் விழும். எடுக்காவிட்டால் அரைப் பேர். எங்கள் வீடுகளில் எதற்கும் ரூபாயில் விலை கிடையாது. சீனி கால் பேர், செருப்பு ஒரு பேர், ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தால் ஒன்றரைப் பேர். 2024 செப்டம்பரில் ஒரு பேருக்கு 1350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 சேர்க்கும், ஆக 1750 என்று வாசித்தார்கள். வாசித்தது அப்படியே கைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு 8 வீதம் போவதை மறப்போம், சங்கத்துக்குச் சந்தா போவதை மறப்போம், மழை பெய்து அரைப் பேரான நாட்களை மறப்போம். அங்கதம் எழுதுகிறவன் கணக்கில் தாராளமாக இருக்க வேண்டும்.

ஏழாயிரத்தை ஆயிரத்து எழுநூற்றைம்பதால் பிரியுங்கள். நாலு பேர்.

ஒரு பாடத்துக்கு, ஒரு புத்தகத்துக்கு, பாவித்ததற்கு நாலு பேர். சாப்பிடாமல், கடன் கட்டாமல், வெற்றிலை வாங்காமல் நாலு நாள் மலையேறினால் நைந்த மூலைப் புத்தகம் ஒன்று. நாலு பேர் என்றால் நம் ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. கடைசியில் தூக்கிப்போவதற்குத் தேவைப்படுகிறவர்கள்.

அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பி வைத்தார். வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். எடுத்த இடத்தில், எடுத்த கோணத்தில், தூசியைச் சேலை முந்தானையால் துடைத்துவிட்டு வைத்தார். பிறகு மூவரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போட்டோகொப்பி எடுக்கிற கொமினிகேஷனுக்குப் போனோம். தோட்டப்புறத்தின் தேசிய நூலகம் அதுதான்.

கடைப் பையனிடம் கெம்பலின் கொப்பி ஒன்று இருந்தது. மூலப்புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. அவனுடைய கொப்பியே எத்தனையாவது தலைமுறையோ. எங்களுக்குத் தேவை ஏறக்குறைய நானூறு பக்கம். பையன் கணக்குப் போட்டான். ஒரு தாள் இரண்டு பக்கமும் அடித்தால் இருபது ரூபாய். நாலு பக்கத்தைச் சுருக்கி ஒரு முகத்தில் போட்டால் ஐம்பது தாள், ஆயிரம் ரூபாய். எழுத்து எறும்பு ஊர்ந்தது போலத்தான் இருக்கும். இரண்டு பக்கத்தை ஒரு முகத்தில் போட்டால் வாசிக்கலாம். நூறு தாள், இரண்டாயிரம். அந்த அம்மாவின் கைக்குட்டை முடிச்சில் இருந்தது ஆயிரம். ஆக வழி இரண்டு. முழுப் புத்தகம், வாசிக்க முடியாது. அல்லது வாசிக்க முடிந்த பாதிப் புத்தகம்.

"எல்லா அலகும் வேணுமா சேர்?" என்று கேட்டார் அம்மா. "எது இல்லாம சமாளிக்கலாம்?"

அவர் நிற்கட்டும். பையனும் இயந்திரத்தைச் சூடாக்கட்டும். அதற்குள் நாங்கள் மூவரும் அங்கே செய்துகொண்டிருந்த குற்றத்தைப் பார்த்துவிடுவோம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. கற்பித்தலுக்கு, ஆய்வுக்கு, வகுப்பறைக்குப் பிரதி எடுக்கலாம். ஒரு முழுப் புத்தகத்தை அப்படியே அடிப்பது வேறு கதை. சன்னல் எவ்வளவு அகலம் என்று யாரும் எங்களுக்கு அளந்து சொல்லவில்லை. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து எத்தனையோ சுற்றறிக்கை வருகிறது, சேலையின் கரை அகலத்துக்குக்கூட வந்ததாக ஞாபகம். எத்தனை பக்கம் கொப்பியடித்தால் ஆசிரியர், எத்தனை பக்கம் அடித்தால் திருடன் என்று ஒரு சுற்றறிக்கை வந்ததில்லை.

டெல்லியில் அதை அளந்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளவுக்குள் ராமேஸ்வரி என்றொரு போட்டோகொப்பிக் கடை. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பகுதிகளைக் கட்டாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றது. 2012இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பு மலைகள் சேர்ந்து அந்தப் பெட்டிக்கடை மேல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16இல் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளினார். மேன்முறையீட்டிலும் கற்பித்தலுக்கான பிரதிக்கு இருந்த பாதுகாப்பு நிலைத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே விலகிக்கொண்டன. மாணவர்களும் பேராசிரியர்களும் கடைக்காரர் பக்கம் நின்றார்கள் என்பதுதான் அதில் விசேஷம். எங்கள் ஊரில் நிற்பார்களா? நிற்பார்கள், வரிசையில், கொப்பி எடுக்க.

சரி, கொப்பி திருட்டு, புத்தகம் வாங்குவதுதான் நேர்மை. நேர்மைக்கு இங்கே என்ன பரிசு? 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. விலக்குப் பட்டியல் சுருங்கியது, புத்தகமும் வலைக்குள் வந்தது. பதிப்பாளர்கள் கெஞ்சினார்கள், வாசகர்கள் எழுதினார்கள். 1950இல் பிளோரன்ஸ் நகரில் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை செய்தது: நாடுகளே, புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை போடாதீர்கள். முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவர்களில் இலங்கையும் ஒன்று, 1952இல். வாக்குத் தவறவில்லை நாங்கள். சுங்கத் தீர்வைதானே வேண்டாம் என்றீர்கள்? இது வற். வாசலால் வரமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவதில் சத்தியம் கெடுவதில்லை.

வற் என்பதற்குத் தமிழில் பெறுமதி சேர் வரி என்று பெயர். என்ன பொருத்தமான பெயர்! ஏனென்றால் பதுளையிலேயே 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பெறுமதி சேர்ப்பதைத்தான் தன் தனிச்சிறப்பாக வைத்துக்கொண்டது. தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று ஒரு பட்டமே கொடுத்தார்கள். படிப்பு ஆங்கிலத்தில், புத்தகம் டொலரில். சுற்றிலும் தேயிலை. அதைக் கிள்ளுகிற கையின் மகள் அந்தப் படிப்புக்குள் போக வேண்டுமானால், முதலில் புத்தகத்துக்குப் பெறுமதி சேர் வரி கட்ட வேண்டும். கொழுந்துக்கு யார் பெறுமதி சேர்த்தார்கள் என்று பட்டதாரிக்குப் பரீட்சையில் கேள்வி வரலாம். விடை பேர்ப் பதிவில் இருக்கிறது, பாடத்திட்டத்தில் இல்லை.

பல்கலைக்கழகத்துக்குள் போனவர்களில் தெரிவானவர்களுக்கு மகாபொல உதவித்தொகை உண்டு, 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கியது. 2025 வரவு செலவுத் திட்டம் அதை மாதம் 7500 ரூபாய் ஆக்கியது. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்குள். அந்தக் கணக்கில் அதே பாவித்த கெம்பலை வாங்கினால் மாதத்துக்கு மிச்சம் ஐந்நூறு. அந்த ஐந்நூறில் எல்லவின் நடுத்தெருவில் ஒரு கோப்பி குடிக்கலாமா என்று விசாரித்தேன். பாதிக் கோப்பை ஊற்ற மாட்டார்களாம்.

ஆனால் நன்றி கெட்டுப் பேசக் கூடாது. எங்களுக்குக் கொடையாளிகள் பஞ்சமில்லை. ஒவ்வொரு ஜனவரியும் கொப்பி வழங்கும் விழா நடக்கும். பாடசாலை மைதானத்தில் பந்தல், மூன்று மணி நேரம் வெயில், பன்னிரண்டு பேச்சாளர்கள். ஒவ்வொருவரும் கல்வி ஒன்றே எம் சமூகத்தின் விடிவு என்பார்கள். விடியும்வரை பேசுவார்கள். கடைசியில் ஆளுக்கு ஐந்து கொப்பி, முன்னட்டையில் தலைவரின் முகம், பின்னட்டையில் தலைவரின் தந்தையின் முகம். நடுவில் வெள்ளைத்தாள். கவனித்தீர்களா? எப்போதும் எழுதாத கொப்பிதான் தருவார்கள். எழுதிய புத்தகம் தந்ததில்லை. எழுதாத தாள் யாருக்கும் ஆபத்தில்லாதது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு பதுளை மாவட்டத்து மலைகள் இறங்கி வந்தன. லயங்களுக்குள் சேறு. நிவாரணத்தில் அரிசி வந்தது, பருப்பு வந்தது, பாய் வந்தது, கொப்பியும் வந்தது. நல்ல மனங்கள், வாழ்க. இழப்பு விபரம் எழுத வந்தவர்கள் புத்தகம் என்ற கட்டத்துக்கு வந்ததும் உயர்தரப் பிள்ளை ஒருவன் "இல்லை" என்றான். தொலையவில்லையா, நல்லது என்று எழுதிக்கொண்டார்கள். இல்லாதது எப்படித் தொலையும்?

"சட்டம் கொண்டுவந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள் நண்பர்கள். சட்டம் எங்களுக்குப் புதிதல்ல. தோட்டப் பிள்ளைகளுக்குத் துரைமார் கல்வி வசதி செய்ய வேண்டும் என்று 1920இலேயே கல்விக் கட்டளைச் சட்டம் சொன்னது. துரைமாரும் செய்தார்கள், ஒரு கூரை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு, ஒரே சத்தம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அது தோட்டத்து வாசலோடு நின்றுகொண்டது, உள்ளே பள்ளிக்கூடம் துரையின் சொத்து. 1948இல் வந்த சட்டம் மட்டும் எந்தத் தாமதமும் இல்லாமல் லயம் லயமாக ஏறிவந்தது. எங்களை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது 1970களில்தான். பாருங்கள் விந்தையை: கொடுக்கிற சட்டத்துக்கு மலையேற முப்பது வருடம் ஆகிறது, மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது. பறிக்கிற சட்டம் அன்றைய பகல் ரயிலிலேயே வந்துவிடுகிறது.

இருந்தாலும் உயர்கல்விப் பாடநூல் மலிவாக்கச் சட்டமூலம் என்று ஒன்று வந்தால் எப்படி வரும் என்று என்னால் சொல்ல முடியும். முப்பது வருடம் சுற்றறிக்கை வாசித்தவன் நான். கடைசிப் பக்கத்தில் பொருள்கோடல் என்று ஒரு பிரிவு இருக்கும். சட்டத்தின் உயிர் அங்கேதான் பிரியும்.

"புத்தகம்" என்பது அமைச்சர் காலத்துக்குக் காலம் வர்த்தமானியில் புத்தகமென வெளிப்படுத்தும் எப்பொருளையும் குறிக்கும். அமைச்சரின் வாழ்க்கை வரலாற்றையும் உள்ளடக்கும்.

"மலிவு" என்பது இச்சட்டமூலத்தை வரைந்த உத்தியோகத்தருக்குக் கட்டுப்படியாகும் விலை.

"இலவசம்" என்பது மாணவர் முதலில் செலுத்தி, பின்னர் மும்மடிப் படிவத்தில் கோரி, நிதி இருப்பின் மீளப்பெறக்கூடியது.

"மாணவர்" என்பது தம் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உள்ள வீட்டு முகவரியை நிரூபிப்பவர். இந்த ஒரு வரி போதும், நாங்கள் எல்லாரும் காலி. லயத்துக்கு எங்கே தனி முகவரி? கடிதம் வருவதே தோட்டத்து ஆபீசுக்குத்தான்.

பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலத்துக்கு மூன்று வாசிப்பு உண்டு. வாசிக்கப் புத்தகமில்லாத பிள்ளைகளுக்கான சட்டத்தை மூன்று தரம் வாசிப்பார்கள் என்பதை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

வெளிநாட்டிலும் சட்டம் இருக்கிறது. அமெரிக்கா 2008இல் உயர்கல்வி வாய்ப்புச் சட்டத்தில் ஓர் அங்கம் சேர்த்தது, 2010 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பதிப்பகம் பேராசிரியரிடம் புத்தகத்தை விற்க வரும்போது விலையைச் சொல்லியாக வேண்டும். ஆமாம், விலையைச் சொல்வதற்கே ஒரு சட்டம்! சந்தையில் கத்தரிக்காய்க்காரி சட்டமில்லாமலே செய்கிற காரியம். அந்த நாட்டிலேயே ஒரு தாய்லாந்து மாணவர், அதே அமெரிக்கப் பாடநூல்கள் தன் ஊரில் மலிவாக விற்பதைக் கண்டு, வீட்டாரைக்கொண்டு வாங்கி அனுப்பச்செய்து விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013இல் உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சந்தோஷமான தீர்ப்புத்தான். ஆனால் அமெரிக்கப் பிள்ளைக்கு ஆசிய விலை மலிவாகத் தெரிந்ததல்லவா? அந்த மலிவுதான் எங்கள் அம்மாவுக்கு நாலு பேர்.

சிரித்தது போதும். நான் கேட்பது நிலாவை அல்ல. பாடநூலுக்கும் உசாத்துணை நூலுக்கும் வற் வரியைச் சுழியமாக்குங்கள். தரம் 11இல் அறுந்த இலவசப் புத்தகக் கயிற்றைத் தரம் 13 வரை இழுத்துக் கட்டுங்கள். அதைக் கருணையாக வைக்காமல் சட்டமாக எழுதுங்கள், ஆட்சி மாறினாலும் நிதியமைச்சருக்குத் தலையிடி வந்தாலும் அறாதபடி. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒவ்வொரு மலைநாட்டுப் பாடசாலைக்கும் உசாத்துணை நூல் பத்துத் தொகுதி, இரவல் பதிவேட்டோடு, வீட்டுக்குக் கொண்டுபோகும் உரிமையோடு கொடுங்கள். பூட்டிய கண்ணாடி அலுமாரி வேண்டாம், அதை எங்களிடம் ஏற்கெனவே தந்திருக்கிறீர்கள். 11ஆம் பிரிவுச் சன்னலின் அகலத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அளந்து எழுதி ஒவ்வொரு கொமினிகேஷனிலும் ஒட்டுங்கள். இதற்கெல்லாம் பணமில்லை என்று சொல்லாதீர்கள். இந்த மலையிலிருந்து இறங்கிய தேயிலையில்தான் கன்னங்கராவின் இலவசக் கல்விக்கே பணம் வந்தது. எங்கள் கொழுந்தில் நாடு முழுக்கப் படித்தது. நாங்கள் கேட்பது அந்தக் கணக்கில் மிச்சம்.

இனிக் கொமினிகேஷனுக்கு வருகிறேன். அந்த அம்மா அங்கேயே நிற்கிறார்.

எது இல்லாமல் சமாளிக்கலாம்? நான் படிப்பிக்கிறவன். எதுவும் இல்லாமல் சமாளிக்க முடியாது என்று சொல்லத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆயிரம் ரூபாய் ஐம்பது தாள், இருநூறு பக்கம். கவுண்டரில் சாய்ந்துகொண்டு பென்சிலை எடுத்தேன். தாவரங்களில் பாதியை வெட்டினேன். கூர்ப்பை வெட்டினேன். தொழினுட்ப அலகை முழுதாக வெட்டினேன். தணிக்கை அதிகாரி என்று ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. அன்று கண்ணாடிக் கவுண்டரில் தெரிந்தார், என் மூக்குக்கண்ணாடியோடு. அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று நான் வெட்டுகிற ஒவ்வொரு தலைப்பையும் ஒரு தரம் உதட்டுக்குள் வாசித்துக்கொண்டது.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. நாற்பத்தொன்பதாவது தாளில் பையன் நிறுத்தினான்.

"சேர், இந்தப் பக்கம் மட்டும் கறுப்பாத்தான் வருது. எத்தனை தரம் அடிச்சாலும் அப்பிடித்தான். படம் ஒண்ணுமே தெரியல்ல." தாளைத் தூக்கிக் காட்டினான். நடுவில் கையளவு கறுப்பு, சுற்றிலும் பெயர் குறிக்கும் கோடுகள், எதைக் குறிக்கின்றன என்று தெரியாத கோடுகள்.

"என்ன பக்கம்?" என்றேன்.

தலைப்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "இதயம் சேர். எடுக்கவா, விட்டுறவா? விட்டா இருபது ரூபா மிச்சம்."

அம்மா என்னைப் பார்த்தார். திரும்பிப் போக இரண்டு பேருக்குப் பஸ் காசு வேண்டும்.

"விட்டுடுங்க தம்பி" என்றேன்.